இரண்டாம் இடத்தில் பதினோரு வாரம்

லாங் பஜாரில் கேசட் கடை வாசலில்
ஒரு கரும்பலகை.
வெள்ளிதோறும் நான்தான் எழுதுவேன்:
இந்த வாரம் பத்து.
மெட்ராஸில் யார் எதை வாங்கினார்கள் என்று
எங்களுக்கென்ன தெரியும்?
எங்கள் பில் புக்கில் இருப்பதுதான் உலகம்.

தொண்ணூற்றெட்டு மே.
ஒன்பதாம் இடத்தில் முதன்முதலாய் எழுதினேன்:
கத்திரி.
ஆம்பூர் ஷூ கம்பெனியில்
தோல் வெட்டும் வரிசையில் இரண்டு பேர்
தைக்கும் வரிசையில் இரண்டு பேர்.
எப்சிபா, தபசும், குணசுந்தரி, பூங்காவனம்.
வெயிலா, கையில் பிடிப்பதா
எந்தக் கத்திரி என்று கேட்டேன்.
"ரெண்டும் எங்களுதுதாண்ணா" என்றாள் பூங்காவனம்.

ஸ்டுடியோ காட்பாடியில், மாவு மில்லுக்கு மேலே.
மில் ஓடாத நேரம்தான் பதிவு;
இரவு பதினொன்றிலிருந்து
கரண்ட் இருக்கும் வரை.
'மணல் லாரி' பாட்டில்
மூன்றாம் சரணத்துக்குச் சற்று முன்
ஒரு சரக்கு ரயில் கூவும்.
வேண்டுமென்றே வைத்தது என்பார்கள் சிலர்.
ஜன்னல் சாத்தாத ஸ்டுடியோ என்று
நான் மனசுக்குள் சிரிப்பேன்.

ஒன்பது.
ஆறு.
மூன்று.
பிறகு இரண்டு. அடுத்த வாரமும் இரண்டு.
பாலாற்று மணலை அள்ளிப் போன லாரிகளிலேயே
'மணல் லாரி' ஓடிற்று.
டிரைவர்கள் இறங்கி வந்து கேட்டார்கள்,
"அந்தப் பொம்பளைப் புள்ளைங்க கேசட்டு."
முதலிடத்தில் ஒரு சினிமா அசையாமல் உட்கார்ந்திருந்தது.
அது எழுந்து போனதும் ஆடி பிறந்தது.
அம்மன் கேசட் வந்து உட்கார்ந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி, கணக்குப் பார்க்கிறேன்.
கத்திரி நாற்பத்தொன்று.
அம்மன் முப்பத்தெட்டு.
சாக்குத்துண்டோடு பலகைக்குப் போனேன்.
கல்லாவிலிருந்து நிமிராமலே கேட்டார்
முதலாளி தணிகாசலம்:
"ஆடி மாசத்துல ஆத்தாள கீழ எழுதுவியா?
கை வெளங்குமா?"

என் கைக்கு வயது இருபத்திரண்டு.
எழுதவில்லை.

இரண்டாவது கேசட் நான்கில் ஏறி ஏழில் நின்றது.
தபசுமுக்கு வாணியம்பாடியில் கல்யாணம்.
மூன்றாவதின் அட்டைக்குப் பழைய போட்டோவையே வெட்டினார்கள்;
ஓரத்தில் அவள் தோள்பட்டை மட்டும் மிச்சம்,
ஐந்தாம் பாட்டின் பின்குரலில் அவள் மூச்சும்.
அது பத்துக்குள் வரவில்லை.
பதினொன்று என்று எழுதப் பலகையில் இடமில்லை.

அப்புறம் ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு
முப்பது ரூபாய்க்கு வந்தது.
கடை இப்போது செல்போன் கவர் விற்கிறது.
பில் புக்குகளை எலி தின்றது,
நான் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்த
ஒன்றைத் தவிர.

போன சித்திரையில், பாகாயம் டவுன் பஸ்ஸில்
பக்கத்து சீட்டில் எப்சிபா.
மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டுக் கூடை,
லைன் சூப்பர்வைசராம்.
இருபத்தைந்து வருஷம் தொண்டையில் நின்றதை
ஓட்டேரி தாண்டுவதற்குள் கொட்டினேன்:
நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, ஆடி, ஆத்தா, என் கை.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.
"அந்த வாரம் ஆறு கேசட்டு நாங்களே வாங்குனோம்ணே.
தபசும் தம்பிய அனுப்பி, நாளைக்கு ஒண்ணா.
ஓவர்டைம் காசு."

ஆறு போனால் முப்பத்தைந்து.
ஆத்தா ஜெயித்திருக்கிறாள், முறையாகவே.

அந்த வாரம் நான் வாங்கிய மூன்றை
அவளிடம் சொல்லவில்லை.
கோயில் கமிட்டிக்கென்று முதலாளி
மொத்தமாய் பில் போட்ட இருபதையும்.

இறங்கப் போனவள்
படியில் நின்று திரும்பினாள்.
"அந்த ரயிலு இருக்குதே,
அது தானா வந்து வுழலண்ணே.
டைம் பார்த்து
மூணு ராத்திரி ஜன்னலத் தொறந்து வெச்சோம்."