கரியின் விலை

வெள்ளிக்குள் ஒப்பீட்டு அறிக்கை வேண்டுமாம்.
காரைக்குடியில் கணக்கு என்றால் ஐந்தொகை;
ஒரு காசு இடித்தாலும்
விளக்கை அணைக்கமாட்டார்கள்.
ஆய்வகத்தில் நானும் அணைக்கவில்லை.

முதலில் நீராவி வழி.
நிக்கல் நிரப்பிய குழாய்,
எண்ணூற்றைம்பது டிகிரி.
ஒரு மீத்தேன் போட்டால் நான்கு ஹைட்ரஜன்.
வாயு கொடுத்தது இரண்டுதான்,
மற்ற இரண்டும் தண்ணீருடையது
என்று எழுதும்போது
வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது.
சேவுகன் ரசீதை நீட்டினான்:
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
"இதைக் காய்ச்சியா வாயு எடுக்குறீங்க?"
ஆமாம் என்றேன்.
"அப்ப நானும் ஹைட்ரஜன் வண்டிதான் ஓட்டுறேன்."
செலவுப் பக்கத்தில் அவனை எழுதப்
படிவத்தில் இடமில்லை.

குழாய்க்கு வெளியே எரிக்கிற வாயு வேறு.
கிலோ ஹைட்ரஜனுக்கு
ஒன்பது, பத்துக் கிலோ கரியமில வாயு
கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கி ஏறுகிறது.
அதன் வட்டியை யார் பேரில் பற்று எழுத?
பிடித்துப் புதைக்கலாம் என்கிறார்கள்.
இங்கே செம்புராங்கல்லில்
கிணறு வெட்டவே நாக்குத் தள்ளுகிறது.

அடுத்தது, அரைவயிறாக எரியவிடுவது.
ஆக்சிஜனை அளந்து ஊட்டினால்
வெளி அடுப்பு வேண்டாம்,
தன் சூட்டிலேயே வேகும்.
கிடைப்பது மூன்று. நான்காவதைத் தீ தின்றுவிட்டது.
காற்றைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் கூலி தனி.
இரண்டையும் ஒரே கலத்தில் கலக்கும் வழியும் உண்டு:
ஒன்று சுடும், ஒன்று குடிக்கும்,
சம்பந்திகள் ஒரே வீட்டில் தங்கிய மாதிரி.

கடைசியில் பிளப்பு.
நீரில்லை, ஆக்சிஜனில்லை.
ஆயிரத்துக்கு மேல் சூடு காட்டினால்
மீத்தேன் தானே உடைகிறது.
இரண்டே ஹைட்ரஜன் மேலே,
அடியில் கரித்தூள்,
கிலோவுக்கு மூன்று கிலோ.

செவ்வாய் இரவு முதல் குழாய் அடைத்துக்கொண்டது.
நீராவி குறைந்திருக்கிறது, லாரி தாமதம்.
உமையாள் கழற்றி மேசையில் தட்டினாள்.
நிக்கல் மணிகளுக்கிடையே
பொலபொலவென்று கருப்பு.
"கெட்டுப்போச்சு."
எதிர் மேசை ஜாடியில் அதே கருப்பு,
எடை போட்டு, தேதி போட்டு,
விளைச்சல் என்று சீட்டு ஒட்டி.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
அங்கே நோவு. இங்கே மகசூல்.
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

கரிக்கு என்ன விலை?
அது தெரியாமல் ஐந்தொகை நேராகாது.
பொட்டலம் கட்டிக்கொண்டு ஆத்தங்குடி போனேன்.
தரைக்கல் பட்டறையில் வயிரவன்
விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.
"நல்ல கருப்பு. மாசம் நாப்பது கிலோ எடுத்துக்கலாம்."
பெரிய ஆலை ஒன்று
ஒரே நாளில் முந்நூறு டன் தள்ளும் என்றேன்.
அவர் பொட்டலத்தை மடித்து
என் கையிலேயே வைத்தார்.

விலைப் பத்தியை வெறுமையாக விட்டுக்
கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.
காலையில் வருகைப் பதிவு இயந்திரம்
என் கட்டைவிரலைத் தெரியாது என்றது.
மறுபடி வைத்தேன். மறுபடி தெரியாது.
ரேகை இடுக்கெல்லாம் கரி,
பின்னால் வரிசை நீள்கிறது.
சேவுகன் லாரிக் குழாயைக்
கொஞ்சமாகத் திறந்துவிட்டான்.
கழுவினேன்.
"இதையும் எழுதிக்கங்க" என்றான்.