குண்டூசி முனை

கானாடுகாத்தான் ஓட்டலிலிருந்து
மூன்று கூடையும் திரும்பி வந்தன.
காம்படியில் ஓட்டை.
குண்டூசி முனை அளவு.
"ரசத்துக்குக்கூட ஆகாதுக்கா" என்றான் சவரிராஜ்.
ரசத்துக்கு எதுவும் ஆகும்.
அது அவனுக்கும் தெரியும்.

அரிவாள்மனையில் வைத்து ஒன்றைப் பிளந்தேன்.
உள்ளே ஒரு தெரு.
தெருக்கோடியில்
அரை அரிசி நீளத்துக்கு ஓர் உயிர்,
பச்சையில் கொஞ்சம் சிவப்பு கலந்து.
வெளிச்சம் பட்டதும் கூசிக்கொண்டது.

அதற்கு முன்பே மூன்று தடவை மருந்தடித்திருந்தோம்.
புதுவயல் கடையில் சாத்தப்பன்
பூச்சி எதுவென்று கேட்கவில்லை,
நிலம் எவ்வளவு என்றுதான் கேட்டார்.
அரை ஏக்கர் என்றதும்
மஞ்சள் முக்கோணம் போட்ட பாட்டில் ஒன்று,
அதற்குத் துணையாக இன்னொன்று.
செத்தது சிலந்தி.
செத்தது பொறிவண்டு.
தின்ன ஆளில்லாமல் வெள்ளை ஈ பெருகி
செடியைத் தொட்டால்
மாவு சலித்த மாதிரி எழும்பியது.
இலைக்குள் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை.
கூரைமேல் பெய்த மழை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பர்வீன் வந்தாள்,
வேளாண்மை ஆபீஸ் பெண்,
ஸ்கூட்டி முழுக்கச் செம்மண்.
ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.
எக்ஸ்ரே பார்ப்பது போல நானும் பார்த்தேன்:
இரண்டு தோலுக்கு நடுவே குடித்தனம்,
மூலையில் அதன் கறுப்புக் கழிவு.
"இது ஊசிப்புழு.
அதோ, சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை போட்டு
தலை உள்ளே, உடம்பு வெளியே
தொங்கிக்கொண்டு தின்கிறதே,
அது காய்ப்புழு.
ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டா எழுதுவீங்க?"

புழு பாய்ந்த இலையையும் காயையும் பறித்து
முழங்கால் ஆழக் குழியில் புதைத்தோம்.
குப்பையில் போட்டால்
இரண்டு வாரத்தில் சிறகோடு திரும்பி வருமாம்.
ராத்திரி ஊறிய வேப்பங்கொட்டைச் சாறு
வெயில் தணிந்த பிறகு.
மூன்று நாள் சோற்றுக் கையிலும் கசப்பு.

அப்புறம் அந்தத் தட்டு.
தட்டில் தண்ணீர், தண்ணீரில் சோப்புத் துளி,
மேலே கம்பியில் ஒரு ரப்பர் துணுக்கு.
பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றியது,
நமக்கு ஒன்றும் மணக்காது.
முதல் ராத்திரி
இல்லாத ஒருத்தியைத் தேடி வந்து
ஐம்பத்து மூன்று பேர் மூழ்கியிருந்தார்கள்.
என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

சீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
தினமும் எண்ணி எழுதினேன்.
நாற்பது. நாற்பத்து நான்கு. முப்பத்து ஒன்று.
ஒரு நாள் எட்டு.
ஒழிந்தது என்று நினைத்தேன்.
அன்று ஓட்டலில் கல்யாணம்,
நிலைவாசல் முதல் மொட்டைமாடி வரை சரவிளக்கு.
காலையில் முற்றத்துத் தூணடியில்
அந்துப்பூச்சியைத் துடைப்பத்தால் கூட்டி
அலுத்துப்போனானாம் சவரிராஜ்.
எட்டை அடித்துவிட்டேன்.
அது என் கணக்கில் சேராது.

அடுத்த நடவில்
பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுப்பூ,
தக்காளிக்கு முன்பே முளைத்த நாற்று.
காய்ப்புழுத் தாய்க்குப் பூவின் மேல்தான் ஆசை,
முட்டையை அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுமாம்.
"தக்காளிக் கொல்லையில பூ எதுக்கு,
எந்தச் சாமிக்கு?" என்று
பக்கத்து வரப்பில் கேட்டார்கள்.
புழுச்சாமிக்கு என்றேன்.

பூத்த வாரமே சவரிராஜ் வந்து நின்றான்.
தக்காளிக்கு இல்லை.
வாசல் உருளியில் மிதக்கவிட
ஐந்து கிலோ பூ வேண்டும், காம்பில்லாமல்.
உள்ளே புழு இருக்கும்டா என்றேன்.
"பூவை யாரும் திங்கப்போறதில்லையேக்கா."

நிறுத்துக் கொடுத்தேன்.
தக்காளியைவிட நாலு மடங்கு விலை.

மறுநாள் அவன் சொன்னான்:
வெள்ளைக்காரர் ஒருவர் முட்டி போட்டு
வெகுநேரம் படமெடுத்தாராம்,
உருளி விளிம்பில் ஏறி
உடம்பு உலர்த்திக்கொண்டிருந்த
என் பச்சைப் புழுவை.