இரண்டு மில்லிமீட்டர்

தம்பியைப் புதைத்த அன்று
எல்லோரும் அழுதார்கள்.
கலாமாவின் காற்று மணலை வாரி
எங்கள் கறுப்புத் துணிமேல் கொட்டியது.
என் கண்ணில் அதற்கு முன்பே மணல் இருந்தது,
ஏழு மாதமாய்.
"நெஞ்சில் ஈரமில்லாதவள்" என்றாள்
அவன் மனைவி இவானியா,
நான் கேட்கும்படியாக.

வாயைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ரொட்டி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.
இரவில் விழித்து
நாக்கைப் பல்லிலிருந்து பிரித்தெடுக்கிறேன்,
தபால்தலையைப் பிரிப்பதுபோல.

செம்புச் சுரங்கத்தில் முந்நூறு டன் லாரி ஓட்டுகிறேன்.
பாலைவனம், எல்லோருக்கும் அப்படித்தான்
என்றார் மேற்பார்வையாளர்.
இனிப்பைக் குறை என்றார் பல் மருத்துவர்,
ஆறாவது பல்லைப் பிடுங்கும்போது.
மூன்று வருடம்.

பிறகு அந்தோஃபகாஸ்தாவில் ஒரு டாக்டர்
என் கீழிமைக்குள் காகிதத் துண்டொன்றைச் செருகிவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்து நிமிடம்.
நான் தம்பியை நினைத்துக்கொண்டேன், வேண்டுமென்றே.
இரண்டு மில்லிமீட்டர் ஏறி நின்றது.

வேலிதான் மேய்ந்திருக்கிறது.
என்னைக் காக்க வேண்டியதே
என் ஊற்றுகளைத் தூர்த்திருக்கிறது.
அதற்கொரு பெயர் எழுதித் தந்தார்: ஷோக்ரென்.
பனிநாட்டு டாக்டர் ஒருவரின் பெயராம்.
என் வறண்ட வாயில் அது உருளவே இல்லை.

திரும்பும் பேருந்தில், இருட்டில்,
பக்கத்து இருக்கைக்காரி அண்ணாந்து
கண்ணில் எதையோ சொட்டினாள்.
வலது. இடது. மூடி திருகும் சத்தம்.
அன்று மதியம்தான் எனக்கு அறிமுகமான சத்தம்.
என் குப்பியை எடுத்துக் காட்டினேன்.
"எத்தனை வருடம்?" என்றாள்,
பெயர்கூடக் கேட்காமல்.

நொல்ஃபா. பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள்.
"நானூறு பிள்ளைகளுக்கு வெங்காயம் நறுக்க
என்னைவிட்டால் ஆளில்லை.
ஒரு சொட்டு வராது."
சிரித்தோம்.
சிரித்ததில் அவள் உதடு வெடித்தது.

மூன்று மணி நேரப் பாலைவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.
எந்தச் சொட்டுமருந்து எரியும், எது எரியாது.
மாத்திரை தொடங்கினால் வருடத்துக்கொரு முறை
விழித்திரையைக் காட்டிவிடு.
லாரியில் ஏசி முகத்தில் அடிக்காமல் திருப்பி வை.
களைப்பை நீயே சோம்பல் என்று சொல்லாதே,
அதைச் சொல்ல வீட்டில் ஆளிருக்கும்.

எல்லாம் சரியாகச் சொன்னாள் என்றில்லை.
ஏதோ மூலிகைக் கஷாயம், மாத்திரையே வேண்டாம் என்றாள்.
நம்பினேன். நிறுத்தினேன்.
ஏப்ரலில் என் முட்டிகள் பூசணிபோல் வீங்கின.
அடுத்த பேருந்தில் திட்டுவதற்கென்றே காத்திருந்தேன்.
ஏறியவள் எதுவும் பேசாமல் கைகளை நீட்டினாள்:
மோதிரத்தை வெட்டி எடுத்த தடம்.
அவளும் நிறுத்தியிருந்தாள்.

இப்போது நாங்கள் நான்கு பேர்.
மருந்துக்கடை ஓரியெட்டா படித்துவிட்டு வருகிறாள்,
எது நிஜம், எது கதை என்று பிரித்துச் சொல்கிறாள்.
ஓய்வுபெற்ற வெல்டர் எலேயூத்தேரியோ
தண்ணீர்க் குடுவையைக்
கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருக்கிறார்.
நாலு பேரும் அண்ணாந்தால்
ஓட்டுநர் உள்விளக்கை அணைத்துவிடுகிறார்,
கேட்காமலே.

சென்ற மாதம் நொல்ஃபாவின் கணவர் போனார்.
முப்பத்தொரு வருடம் சேர்ந்திருந்தவர்கள்.
கல்லறையருகே அவள் நின்ற நிற்பு
எனக்குத் தெரிந்த நிற்பு.
சுற்றிலும் கைக்குட்டைகள்
அவளை அளந்துகொண்டிருந்தன.

தோளைப் பிடித்து அண்ணாக்க வைத்தேன்.
வலது. இடது.
கண்ணுக்கு ஒரு சொட்டு போதும், நான் மூன்று விட்டேன்.
கன்னத்தில் இறங்கி மோவாய்வரை ஓடியது.
அவள் மாமியார் பார்த்தாள்,
கணக்கு நேரானதுபோல் தலையசைத்தாள்.

நொல்ஃபா என் காதருகே குனிந்து சொன்னாள்:
"வீணாக்காதே.
குப்பி பதினோராயிரம் பேசோ."