திரும்பும் டிக்கெட்

சிறுபோக நெல் விற்றதில் உரக்கடைக் கடன் போக மிஞ்சியது,
சீட்டில் கடைசிக் கையாக எடுத்தது,
முட்டை விற்றுப் பால்மா ரின்னில் போட்டது,
எல்லாம் கூட்டி
ட்ராக்டர் கூலி எழுதும் கொப்பியின் பின்மட்டையில்
எழுதினேன்:
பாலி. ஐந்து இரவு. இரண்டு பேர்.

"அங்கை என்ன கிடக்கு?" என்றான் சிவரூபன்,
தண்ணிப் பம்பின் வாஷரைக் கழற்றியபடி.
கடல், என்றேன்.
"கடல் முல்லைத்தீவிலை கிடக்கு."
தென்னை.
"பின்வளவிலை பதினெட்டு."
படியாய்ப் படியாய் இறங்கும் வயல்.
போனைக் காட்டினேன்.
ஒயில் விரலைச் சாரத்தில் துடைத்து
வரம்பு பிடித்திருந்த விதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்,
கனநேரம்.
"தண்ணி எங்கையிருந்து எடுக்கினம்?"

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வருவான்.

பங்குனியில் அங்கே மழை விட்டிருக்காது.
அதனால் அறை பாதி விலை.
பங்குனியில் வட்டக்கச்சியில் அரிவு வெட்டு முடிந்திருக்கும்,
அடுத்த விதைப்புக்குக் குளத்துக் கூட்டம் வைத்திருக்க மாட்டார்கள்.
இரண்டு நாட்டு மழைக்கும் நடுவே
ஒடுங்கலாக ஒரு கிழமை.

கனடாவிலிருந்து மச்சாள் சிரித்தாள்:
"நாங்கள் குளிருக்குத் தப்பி அங்கை வாறம்,
நீங்கள் எதுக்குத் தப்பி?"
கறிச்சட்டிக்கு, என்றேன்.
அதுவும் உண்மைதான்.
எந்த முகாமில் இருந்தனீங்கள்,
வீட்டில் எத்தனை பேர் குறைவு
என்று ஒருவரும் கேட்காத ஐந்து நாளை
அந்தக் கொப்பியில் எந்த நிரலில் எழுதுவது?

காலைச் சாப்பாடு அறையோடு சேர்த்தி.
ஸ்கூட்டர் வாடகை, பெற்றோல் தனி.
குரங்குக் கோயிலுக்கு நுழைவுச்சீட்டு.
"குரங்கு பாக்கக் காசோ?
கச்சான் தோட்டத்திலை நாள் முழுக்கக் கலைக்கிறன்."
வெட்டினேன்.
இளநீர் காசுக்கு வாங்குவதில்லை என்று அவன் சத்தியம்.
அதையும் வெட்டினேன், மனமில்லாமல்.

பாஸ்போட்டுக்கு விடிய நாலு மணி பஸ்.
வவுனியாக் கந்தோரில் விரல் அடையாளம் வைத்து,
வெளியே தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது சொன்னான்:
தொண்ணூற்றெட்டில் அண்ணனுக்குக் காது வைத்தியம்.
வன்னியைத் தாண்டப் பாஸ் எடுக்க
பெரியப்பாவைப் பிணை வைத்தார்களாம்.
அண்ணன் வராவிட்டால் பெரியப்பா பதில் சொல்ல வேண்டும்.
"சொன்ன நாளுக்குத் திரும்பி வந்தவன் அண்ணன்."
அதோடு நிறுத்திக்
கிளாஸில் அடியில் கிடந்த சீனியைக் கரண்டியால் வழித்துத் தின்றான்.

விசாவும் அதையேதான் கேட்கிறது:
திரும்பும் டிக்கெட் உண்டா?
பிணைக்கு ஆள் தேவையில்லை,
ஆளுக்கு முப்பத்தொன்பதாயிரம் போதும்.

கைப்பை ஏழு கிலோ.
நெல்லு நிறுக்கும் தராசில் கொளுவிப் பார்த்தோம்,
ஏழு மாதம் முன்கூட்டியே, ஒத்திகைக்கு.
ஏழு முந்நூறு.
என் சேலையை எடுக்கச் சொன்னான்.
பைக்குள் கை விட்டேன்:
சரை கட்டிய மிளகாய்த்தூள், முந்நூறு கிராம்,
அவனுடைய காற்சட்டைக்குள் சுருண்டு கிடந்தது.

இரவு பத்துக்குப் பிறகுதான் சிக்னல்,
அதுவும் வாய்க்கால் மதகில் ஏறி நின்றால்.
சோளகம் சேலையைப் பிடித்து இழுக்கிறது.
பின்னேரத்தைவிட ஆயிரத்து நூறு கூடியிருக்கிறது டிக்கெட்.
"அமத்து," என்கிறான், "விடிஞ்சால் இன்னும் ஏறும்."
அமத்துகிறேன்.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
நுளம்பு அடிக்கவும் கையெடுக்காமல்
இரண்டு பேரும் குனிந்து நிற்கிறோம்.

"கேட்டனியோ," என்கிறான் மெல்ல,
"மிளகாய்த்தூளுக்கு அங்கை தடை இருக்கோ எண்டு?"