பதினோரு ஓட்டை

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள்.
அதனால்தான் ஆடியில் மாறினோம்.
ஆனியில் காலியாகிப் பூட்டிக் கிடந்த வீடு,
கொடுங்கையூரில், இரண்டாம் மாடி.
பத்து மாத அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்த்தார் ஓனரம்மா.
எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்றேன்.
ஏழுக்கு இறங்கினார்.
மூன்று மாத வாடகை உள்ளே இருப்பதுபோல
படிக்கட்டு முழுக்கக் கைப்பையை இறுக்கிக்கொண்டு வந்தேன்.
உள்ளே ஒரு குடையும் பஸ் டிக்கெட்டும்.

புரோக்கர் கிடையாது.
கம்பெனியில் என் பக்கத்தில் காஜா எடுக்கும்
ஜரினா சொன்ன வீடு.
அவளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.
இரண்டாக வாங்கியிருக்கலாம்.

அட்டைப்பெட்டி முப்பது ரூபாய் என்கிறான் எம்.சி. ரோட்டில்.
காசிமேட்டில் ஐஸ் கரைந்த தெர்மாகோல் பெட்டி சும்மா.
நாலு தூக்கிவந்தார் தேவஇரக்கம்.
கழுவிக் கழுவிக் காயவைத்தோம்.
இன்றைக்கும் பையனின் மார்க் ஷீட்டை எடுத்தால்
வஞ்சிரம் வாசம்.

கண்ணாடி டம்ளர்களை அரிசி டிரம்மில் புதைத்தேன்.
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் நைட்டி.
குக்கருக்குள் மிளகாய்த்தூள்,
மிளகாய்த்தூளுக்குள் கம்மல்.

ராயபுரம் ஓனர் சுவரைத் தடவிப் பார்க்கிறவர்.
ஆணி ஓட்டை ஒன்றுக்கு நூறு ரூபாய் பிடிப்பாராம்.
கடைசி ராத்திரி, பையன் தூங்கின பிறகு,
பதினோரு ஆணியையும் பிடுங்கினோம்.
காலண்டர் ஆணி. மாமனார் படத்து ஆணி.
கொடிக்கயிறு இழுத்து இழுத்துக் கூன்விழுந்த ஆணி.
ஓட்டையில் பேஸ்ட்டை அடைத்து
காலாவதியான ஏடிஎம் கார்டால் இழைத்தோம்.
அறை முழுக்கப் புதினா வாசம்.
"வீடு பல் தேய்ச்சிட்டுப் படுக்குது" என்றார் இவர்.
சிரித்துச் சிரித்துப் பாயில் விழுந்தேன்.
அந்த வீட்டில் அப்படிச் சிரித்து
எத்தனை வருஷமாயிற்றோ.

குட்டியானைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டார்கள்.
மாடி ஏற்றினால் தனி.
மஸ்தான் அண்ணனின் மீன்பாடி வண்டி
இரண்டு நடைக்கும் சேர்த்து எண்ணூறு.
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டோம்.
கூட்ஸ் வண்டி.
நாற்பத்தேழு டேங்கர் வரைக்கும் எண்ணினான் பையன்.
அதற்குள்
பீரோ கண்ணாடியில் தெருவே தலை வாரிக்கொண்டது.
ஷேர் ஆட்டோவில் இருந்த ஒருத்தி பொட்டைச் சரிசெய்தாள்.
பிறகு கண்ணாடியை விட்டு மற்றதைப் பார்த்தாள்:
பிடி போன தவா,
பஞ்சு பிதுங்கும் மெத்தை,
நடுவில், தலையணைமேல், நான்.
குட்டியானை என்றால் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பான்.
அந்த இரண்டாயிரம் மூடுவதற்குத்தான் போல.

ராயபுரம் ஓனர் சுவரைத் தடவினார்.
மோந்து பார்க்கவில்லை.
ஓட்டைக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.
பெயிண்டுக்கு ஐந்தாயிரம் பிடித்துக்கொண்டார்,
"அது எல்லாருக்கும் உள்ளதுதான்மா."

பாஸ்டரைக் கூப்பிட்டால் கூட எட்டுப் பேர், பிரியாணி.
ஜெபத்தை நாங்களே முடித்துக்கொண்டோம்.
கால் லிட்டர் பால் பொங்குவேனா என்றது.
தீயைக் கூட்டிப் பொங்கவைத்தேன்.
கேஸ் போனால் போகட்டும் என்று
அன்றைக்கு ஒரே ஒரு தடவை நினைத்தேன்.

ராத்திரி மாமனாரை மாட்ட இடம் தேடினார்.
ஆணியை வைத்து ஒரு தட்டுதான் தட்டினார்,
வெண்ணெய்க்குள் போவதுபோலப் போயிற்று.
வெள்ளையாகக் கொஞ்சம் உதிர்ந்தது.
விரலில் எடுத்து மோந்தேன்.
கிராம்பு.
எங்களது புதினா.

மொபைல் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துத் தேடினோம்.
ஜன்னல் பக்கம் மூன்று.
கதவுக்குப் பின்னால் இரண்டு,
குழந்தை உயரத்தில் ஒன்று.
எந்த வீட்டுக்குப் போனார்களோ.
பெயிண்டுக்கு எவ்வளவு பிடித்தார்களோ.

அவர்கள் ஓட்டையிலேயே படத்தை மாட்டினோம்.
கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கிறது.
குள்ளமானவர்களாக இருந்திருப்பார்கள்.