தொள்ளாயிரம்

எஞ்சின் ஓடுகிறது, முள் படுத்திருக்கிறது.
கொரட்டூர் ஷெட், ராத்திரி பதினொன்று.
லேப்டாப் தொள்ளாயிரம் என்கிறது,
டாஷ்போர்டு பூஜ்யம்.

பழைய கம்ப்யூட்டரைப் பிடுங்கியது நான்தான்.
புதிது ஐந்து வோல்ட்டில் முணுமுணுக்கிறது.
இந்த மீட்டரோ இக்னிஷன் காயிலிடம்
அடி வாங்கியே வளர்ந்தது.
முந்நூறு வோல்ட் உதை விழாமல்
திரும்பிக்கூடப் பார்க்காது.

புது மீட்டர் மாட்டிவிடலாம், கலர் கலராய் எரியும்
என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன்.
செல்வின் படித்துவிட்டு
மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார்.
அவருக்குக் காது கேட்காது.
இந்த எஸ்டீமில் பதினாறு வருஷம்
முள் மூவாயிரத்தைத் தொட்டால்தான்
இடது கை கியருக்குப் போகும்.

புதுப்பேட்டையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு ரிலே,
உள்ளே டயோடு இல்லாததாகப் பார்த்து.
மூடியை நெம்பினேன். சுருள் மட்டும் போதும்.
கரண்டை வெட்டும்போதெல்லாம் அது திருப்பி உதைக்கும்,
அந்த உதைக்குப் பயந்தே
வண்டி வண்டியாய் டயோடு போட்டவன் நான்.
நடுவே ஒரு டிரான்சிஸ்டர்.
ஈயம் கையில் சொட்டியது.

சாவி.
முள் துள்ளி எழுந்து
ஆயிரத்து எண்ணூறில் நின்றது.
அப்படியே இரண்டு மடங்கு பொய்.
சுற்றுக்கு நாலு துடிப்பு என்று போட்டிருக்கிறேன்,
மடையன். இரண்டு.
இப்போது தொள்ளாயிரம்.

அம்பத்தூர் எஸ்டேட் ரோடு, லாரிகூட இல்லை.
இரண்டு, மூன்று, நான்கு.
சத்தம் சுத்தமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன்.
திடீரென ஓரங்கட்டினார்.
ஒற்றை விரலை நடுக்கிக் காட்டினார்: முள் இப்படி.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால்
நான் முறுக்க மறந்த எர்த் போல்ட்,
கையாலேயே கழன்று வந்தது.