சமவுயரக் கோடுகள்

"பத்துக்குள் எத்தனை?" என்று கேட்கிறார் தயாளினி மிஸ்ஸி.
விடிய மூன்று மணி. பிரசவ வோட்டின் மின்விசிறி
ஒரு சிறகு தளர்ந்து டக், டக் என்கிறது.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவள்.
ஒன்றுக்கு ஐந்நூறு, ஒன்றுக்கு ஆயிரம்.
அளவுத்திட்டம் எழுதாத படத்தில் கைவைக்க மாட்டேன்.
பத்து எதுவென்று தெரியாமல்
ஏழை எங்கே குறிப்பது?
ஆறு என்றேன்.
அடுத்த குத்து வந்தது.
ஆறை அழியுங்கோ மிஸ்ஸி.

குழாயை வாயில் வைத்து இழுக்கலாம்,
ஆனால் நோ தொடங்க முன்னமே இழுக்கவேணும்;
பிந்தினால் காற்று ஒரு பக்கம், நோ ஒரு பக்கம்.
பெத்தடின் ஏற்றலாம். நோ போகாது,
நோவுக்கும் உனக்கும் நடுவில்
நனைந்த மெத்தை ஒன்றை நிறுத்தின மாதிரி இருக்கும்,
பிள்ளைக்கும் கொஞ்சம் நித்திரைத் தூக்கம் வரும்.
முதுகு ஊசி வேணுமெண்டால்
மயக்க டொக்டர் தியேட்டரால் வரவேணும்.
வந்தால் வந்தார்.
சொல்லிக்கொண்டே மிஸ்ஸி என் இடுப்பின் அடியை
உள்ளங்கையால் அழுத்தினார்.
அதற்கு மட்டும் படிவம் இல்லை.

மாமி பின்னேரம் சொல்லிப்போன வசனம்
தலைமாட்டில் சோடாப் போத்தலோடு நிற்கிறது:
"நோகாமல் பெத்த பிள்ளையில பாசம் ஒட்டாது."
மச்சாளுக்கு வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.
அவளின் பெடியன் இன்னும் இடுப்பை விட்டு இறங்குவதில்லை.
மாமி அதை எந்தக் கணக்கில் போட்டாவோ.

அம்மாவுக்கு எடுத்தேன்.
கிளிநொச்சியில் அவவுக்கும் நித்திரை இல்லை,
முதல் மணியிலேயே தூக்கினா.

என்னைப் பெற்றது தொண்ணூற்றைந்து கார்த்திகை,
சாவகச்சேரியில் ஒரு வகுப்பறை,
கரும்பலகையில் யாரோ முடிக்காமல் விட்ட பின்னக் கணக்கு.
அம்மா ஒரு சத்தம் போடவில்லையாம்.
சொல்லிச் சொல்லி அது எங்கள் குடும்பத்தின் பதக்கம்.
நானும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான்
ஓட்டோவில் ஏறி வந்தேன்.

"விசரி," என்றா அம்மா.
"நான் தாங்கேல்லை. மருந்து வரேல்லை.
பனடோலையே பாதி பாதியாய் உடைச்ச காலம்.
வாய்க்குள்ள சீலைத் துண்டு. சத்தம் எப்பிடி வரும்?
இருந்திருந்தால் ரெண்டு கையாலயும் வாங்கியிருப்பன்.
ஊசியைக் கேள். பெலத்துக் கேள்."

கேட்டேன்.
பக்கத்து வோட்டுக்கும் கேட்டிருக்கும்.
படிவத்தில் நான் வைத்த கையெழுத்தை
எந்தக் காணி உறுதியிலும் ஏற்கமாட்டார்கள்.

நாலரைக்கு டொக்டர் விதானகே வந்தார்,
தியேட்டர்த் தொப்பி, சோடி மாறிய செருப்பு.
"அக்கா, முதுகு... இறால் மாதிரி."
அந்தச் சொல்லை யாரிடம் படித்தாரோ.
இறாலாக வளைந்தேன்.
ஒரு குத்து வந்து போகும்வரை
ஊசியை ஏந்தியபடி அசையாமல் நின்றார்.

இருபது நிமிஷம்.
பிறகு எனக்குத் தெரியாமல் நோ வந்தது.
கால்கள் யாரோ இரவலாக விட்டுப்போனவை.
பெட்டியிலிருந்து இறங்கும் கட்டத்தாளில்
அது ஏறுவதைக் கண்டேன்.

யாழ்ப்பாணம் தட்டை.
ஏழு வருஷத்தில் நான் ஒரு மலை வரைந்ததில்லை,
கீரிமலையும் பேரளவில்தான் மலை.
இப்போது மலைக்கு மேல் மலை,
நானே நிலம், நானே பார்க்கிறவள்.

திரைக்கு அந்தப் பக்கம் குருநகர் மெட்டில்டா, மூன்றாவது பேறு.
மாதாவை ஒரு மூச்சும் புருஷனை ஒரு மூச்சுமாய்
கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்
"பிள்ளை, எப்பிடி இருக்கு?" என்றாள்.
"அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி."
"மிஸ்ஸி, எனக்கும்."
மிஸ்ஸி கதவைப் பார்த்தார்.
டொக்டரைத் திரும்பவும் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
குழாயை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

திரை சரியாக மூடாத இடைவெளியால்
அவளின் தாள் எனக்குத் தெரிந்தது.
கோடு நிமிரத் தொடங்குகிறது,
அவளின் வயிற்றுக்கு இன்னும் செய்தி போகவில்லை.

"அக்கா, இப்ப இழுங்கோ.
இன்னும். விடாதேங்கோ. இன்னும்.
உச்சி இது.
இனி இறக்கம்."

"ஓம்," என்றாள்
குழாய்க்குள்ளால்.